கையாளைச் சேர்த்ததும் 6 நாள் பூச்சு 3 நாளாகிறது, ப்ராஜெக்டில் உதவி தேவை

கருங்கல் சைட்:
வணக்கம். கருங்கல் பக்கம் ஒரு மாடி வீட்டு வேலை, அட்டவணை முழுக்க மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் என்ற திட்டமிடும் மென்பொருளில் போட்டிருக்கிறேன். கீழ்த்தள உள்பூச்சு 6 நாள், மேல்தளத்துக்கும் 6 நாள், இரண்டிலும் கொத்தனார் 2 பேர், கையாள் 2 பேர். கீழ்த்தளம் 6 நாளாகவே நிற்கிறது, மேல்தளம் மட்டும் 3 நாளாகிவிட்டது! இரண்டிலும் டாஸ்க் டைப் ஃபிக்ஸ்டு யூனிட்ஸ் (ஆள் அளவு மாறாத வகை), எஃபர்ட் டிரிவன் (ஆள் கூடினால் அதே வேலை மணியைப் பங்கு வைப்பது) டிக்கும் இருக்கிறது. இது போதாதென்று, ஸ்லாபை நனைக்க 10 நாள் போட்டிருந்தேன், இன்னொரு ஆளைச் சேர்த்ததும் 5 நாளாகிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் வெளிப்பூச்சு முடியும் என்று வீட்டுக்காரரிடம் இதை நம்பித்தான் சொன்னேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகர்கோவில் பிளானிங்:
தம்பி, மேல்தளத்தில் முதலில் கொத்தனாரை மட்டும் போட்டுவிட்டு, கையாளை அப்புறம் சேர்த்தீர்களா?

கருங்கல் சைட்:
ஆமாம் அண்ணே. கீழ்த்தளத்தில் நாலு பேரையும் ஒரே தடவையில் போட்டேன்.

நாகர்கோவில் பிளானிங்:
அதுதான் காரணம். வேலை மணி என்பது நாளையும் ஆளையும் ஒரு நாளின் 8 மணி நேரத்தையும் பெருக்கி வருவது. முதல் தடவை ஆள் போடும்போது எஃபர்ட் டிரிவன் குறுக்கே வராது, அதனால் கீழ்த்தளத்தில் நாலு பேருக்கும் 6 நாள், மொத்தம் 192 மணி. மேல்தளத்தில் கொத்தனார் இரண்டு பேருக்கு 96 மணி என்று முதலிலேயே உறுதியாகிவிட்டது, பிறகு வந்த கையாளுக்கு அந்த 96-ஐத்தான் பங்கு வைத்தது. கையாள் கலவை போட்டுக் கொடுப்பவர், சுவரில் பூசுபவர் இல்லை என்பது அதற்கு எப்படித் தெரியும்? கையாளை எடுத்துவிடுங்கள், 6 நாள் திரும்பி வரும். அட்வான்ஸ்டு தாவலில் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடியும் சேர்த்துப் பாருங்கள்.

தக்கலை பொறியாளர்:
நனைக்கிற வேலைக்கு அந்த டைப்பே சரியில்லை தம்பி. அது சிமெண்ட் இறுகுவதற்கான நாள், பத்து பேர் குடத்தோடு நின்றாலும் குறையாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்வது சாதாரண போர்ட்லாந்து சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், பிபிசி (போர்ட்லாந்து பொசலானா சிமெண்ட்) மாதிரி கலப்பு சிமெண்டுக்கு 10 நாள், வறண்ட வெயில் காலத்தில் இன்னும் கூடும். தயவுசெய்து 5 நாளில் நிறுத்திவிடாதீர்கள். டாஸ்க் டைப்பை ஃபிக்ஸ்டு டியூரேஷன் (நாள் மாறாத வகை) ஆக்குங்கள், ஆள் கூடினாலும் நாள் அசையாது. ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் வர வேண்டுமென்றால் 10டி (10d, வேலை நாள்) என்பதற்குப் பதில் 10ஈடி (10ed, விடுமுறையும் சேர்ந்த நாள்) என்று அடியுங்கள், ஆனால் அந்த வரியில் ஆளைப் போடாதீர்கள், ஒரு நாளைக்கு 24 மணி நேரம் உழைத்ததாகக் கூலிக் கணக்கு ஏறிவிடும்.

கருங்கல் சைட்:
மேல்தளம் 6 நாளுக்கு வந்துவிட்டது, ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. இன்னொன்று. நிஜமாகவே மூன்றாவது கொத்தனார் கிடைத்திருக்கிறார். புது வரியில் சேர்த்தேன், நாள் குறையவில்லை, மணி மட்டும் கூடுகிறது.

நாகர்கோவில் பிளானிங்:
டிக் இல்லாததால் அப்படித்தான் வரும். புது வரி வேண்டாம், அழித்துவிடுங்கள். இருக்கிற கொத்தனார் வரியிலேயே யூனிட்ஸை (ஒரு ஆளுக்கு 100 சதவீதம்) 200 சதவீதத்திலிருந்து 300 ஆக்குங்கள். ஃபிக்ஸ்டு யூனிட்ஸில் யூனிட்ஸை நாமே மாற்றினால், டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணி அப்படியே இருந்து நாள்தான் மாறும், 96 மணி மூன்று பேருக்கு 4 நாள். கையாளையும் 300 ஆக்க வேண்டும், விட்டால் அவர்களுடைய 96 மணி 6 நாள் ஓடும், டாஸ்க்கும் அதோடு 6 நாளிலேயே நிற்கும். சைட்டிலும் அப்படித்தானே, கலவை வந்து சேராமல் மூன்றாவது கரண்டிக்கு என்ன வேலை?

கருங்கல் சைட்:
இரண்டையும் 300 ஆக்கினேன், 4 நாள் வந்தது. நனைப்பதை 10ஈடி ஆக்கி ஆளை எடுத்துவிட்டேன். வெளிப்பூச்சு நான் சொன்ன தேதியைத் தாண்டித்தான் போகிறது, நாளைக்குக் காலையிலேயே வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.