வாயில்லாத அட்லஸா, தேன் குடிக்கும் மண்டையோடா?

மேகமலையான்: எங்கள் ஏலத்தோட்டத்து விளக்கடியில் அட்லஸ் அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. விரித்த இறக்கை கிட்டத்தட்ட ஒரு சாண். இதற்கு உண்ணும் வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பிலேயே 1, 2 வாரம் வாழ்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடும். அந்துப்பூச்சிகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்பது என் கட்சி.

எள்ளுக்கொல்லை: அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள் அண்ணே. எங்கள் எள்ளுக்காட்டு மண்டையோட்டு அந்துப்பூச்சியைப் பாருங்கள். முதுகில் மண்டையோடு போல ஒரு குறி. இரவில் தேனீக் கூட்டுக்குள் புகுந்து, குட்டையான தடித்த உறிஞ்சுகுழலால் மெழுகு மூடியைக் குத்தித் தேன் குடிக்கும். பிடித்தால் எலி மாதிரி கீச்சிடும். தொண்டை வழியாகக் காற்றை இழுத்துத் தள்ளி எழுப்பும் சத்தம் அது. ஆயிரக்கணக்கான கொடுக்குகளுக்கு நடுவே போய்வர எவ்வளவு துணிச்சல் வேண்டும்! உங்கள் அட்லஸ் வெளிவந்த வாரம் அடைமழை பிடித்தால் அதன் கதி என்ன?

மேகமலையான்: துணிச்சல் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன் தம்பி. ஐரோப்பாவில் இருக்கும் அதன் உறவுப் பூச்சியைச் சோதித்தபோது, உடல் வாசனை தேனீயின் வாசனையோடு ஒத்திருந்தது. வேடம் போட்டுத்தான் உள்ளே போகிறது. மழைக் கேள்வி நியாயம்தான். அதனால்தான் பெண் அட்லஸ் வீணாக அலைவதில்லை. தான் வெளிவந்த கூட்டின் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டு மணத்தைக் காற்றில் விடும். ஆண்தான் இறகு போன்ற உணர்கொம்புகளால் மோப்பம் பிடித்துத் தேடி வரும். அப்புறம், அட்லஸின் இறக்கை நுனியில் பாம்புத் தலை போலவே இருக்கும் உருவத்தை மறந்துவிட்டீர்களே?

எள்ளுக்கொல்லை: அதுவும் வேடம்தானே அண்ணே! என் பூச்சி போட்டால் குறை, உங்கள் பூச்சி போட்டால் பெருமையா?

தேன்பெட்டி: என்னிடம் 20 பெட்டி இருக்கிறது. காலையில் திறந்தால் கொட்டுப்பட்டுச் செத்த மண்டையோட்டுப் பூச்சி கிடந்ததுண்டு. வேடம் எப்போதும் பலிப்பதில்லை. தேனீ மட்டும் நுழையும்படி வாசலைக் குறுக்கினேன், தொல்லை விட்டது. இதன் புழு எள் இலையைத் தின்று தீர்ப்பதைத் தம்பி சொல்லவே இல்லையே?

எள்ளுக்கொல்லை: மறைக்கவில்லை ஐயா. வாலில் கொம்பு வைத்த பெரிய பச்சைப் புழு, கையாலேயே பொறுக்குகிறேன். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவை, ஆழ உழுதால் பறவைகள் பார்த்துக்கொள்ளும். மருந்தடித்து அடியோடு ஒழிக்க மனம் வரவில்லை.

மேகமலையான்: சரி, வேடத்தைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கட்சி மட்டும் மாறாது. இன்று காலை பார்த்தேன், கொய்யா இலைக்கு அடியில் முட்டையிட்டிருக்கிறது.