கேட்டரிங் கடையின் இணையத்தளம்: தமிழ் எழுத்துரு பற்றி உதவி தேவை

வணக்கம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு கேட்டரிங் கடையின் தளத்தைத் திருத்தி வருகிறோம். மெனு முழுவதும் ஒரே போஸ்டர் படமாக இருந்தது. 3000 பிக்சல் அகலப் படம் 360 பிக்சல் திரைக்குச் சுருங்கும்போது, 40 பிக்சல் எழுத்து 5 பிக்சல் ஆகிவிடுகிறது. விலையைப் படிக்கவே முடியாது. கூகுள் தேடலிலும் இட்லி, பிரியாணி எதுவும் சரியாக அகப்படாது. அதை எழுத்தாக மாற்றியாயிற்று.

பணம் செலுத்துவதற்கான பேநவ் கியூஆர் குறியிலும் இதே கவனக்குறைவு. கைப்பேசியில் பார்ப்பவர் தன் திரையையே எப்படி ஸ்கேன் செய்வார்? படத்தைச் சேமிக்க ஒரு பட்டன், நகலெடுக்க யூஇஎன் எண் (கடையின் பதிவு எண்), இரண்டையும் சேர்த்தோம். மஞ்சள் பட்டனில் வெள்ளை எழுத்தையும் கறுப்பாக்கினோம்.

மிச்சம் இருப்பது தமிழ் எழுத்துதான். வரி உயரம் எழுத்தளவின் 1.2 மடங்காக இருந்தபோது மேல்வரியின் ‘கு’, ‘ழு’ சுழிகள் கீழ்வரியின் ‘கீ’ மேல் இடித்தன, 1.7 வைத்ததும் சரியானது. ஆனால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு தாமதமாக ஏறும்போது வரிகள் மடங்கி, ஆர்டர் பட்டன் கீழே குதிக்கிறது. விரல் வேறெங்கோ படுகிறது. அது ஏறும்வரை தெரியும் மாற்று எழுத்துருவுக்கு சைஸ்-அட்ஜஸ்ட் (எழுத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் சிஎஸ்எஸ் அமைப்பு) எத்தனை விழுக்காடு வைக்கிறீர்கள்? ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே அளவு பொருந்துமா? செய்து பார்த்தவர்கள் அளவைச் சொல்லுங்கள்.