நடந்துகொண்டே பேசும் காட்சிகளில் சத்தப் பிரச்சினை, யாராவது உதவுங்கள்

நண்பர்களே, சின்னதாக ஒரு சுயாதீனப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். சுவரோவியம் வரையும் ஒருத்தி, வரைவதையே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்ட அவளுடைய தோழி, இரண்டு பேரும் ராத்திரி முழுக்க நகரத்தில் நடந்தபடி பேசுவதுதான் கிட்டத்தட்ட மொத்தப் படமும். மேம்பாலத்துக்கு அடியில் எடுத்த சண்டைக் காட்சியில் (வாய்ச்சண்டைதான்) பஸ் போகும்போதெல்லாம் பாதி வசனம் காணாமல் போகிறது. காலர் மைக்கைச் சட்டைக்குள் வைத்தால் குரல் தெளிவாக விழுகிறது, ஆனால் நடக்க ஆரம்பித்ததும் துணி உரசுகிறது. டப்பிங் பண்ணிவிடலாம் என்கிறார் எடிட்டர். எனக்கு மனசே வரவில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பது ஸ்டுடியோவில் திரும்பக் கிடைக்காது. யாரும் பேசாத நேரத்து இரைச்சலை அங்கேயே தனியாகப் பதிந்து வைத்திருக்கிறோம், வெட்டுகளை ஒட்ட அது போதும்.

அப்புறம் இன்னொன்று. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது தெருவிளக்கு மினுக்கியது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமரா ஷட்டரை 1/50 நொடிக்கு மாற்றினோம், சரியாகிவிட்டது. சில எல்இடி பலகைகளில் மட்டும் இன்னும் பட்டை பட்டையாக ஓடுகிறது.

இந்த மாதிரிக் காட்சி எடுத்தவர்கள், மைக்கை உடம்பில் எங்கே, எதை வைத்து ஒட்டினீர்கள் என்று சொல்லுங்கள். பூம் (நீளக் கம்பில் மாட்டிய மைக்) பிடிக்க ஆள் இருக்கிறார்.