மாடியில் போட்ட தேக்கு பெஞ்ச்: வார்னிஷ் உரிகிறது, ஆணியைச் சுற்றிக் கறுப்பு. என்ன செய்யலாம்?

மாடித்தோட்டம்_கோவை
வணக்கம். பிளாஸ்டிக் நாற்காலிகள் வெயிலில் வெளுத்து, உட்கார்ந்தாலே உடைய ஆரம்பித்ததால் இந்தத் தடவை மரத்திலேயே போட்டுவிடலாம் என்று ஆசாரியிடம் படத்தைக் காட்டி ஒரு லட்யன்ஸ் பெஞ்ச் செய்யச் சொன்னேன். முதுகுப் பக்கம் அலையாக வளைந்து, கைப்பிடி சுருண்டு இருக்குமே, இப்போது மறுபடி எல்லோரும் கேட்கிறார்களே, அதுதான். மரம் தேக்கு, மேலே பளபள வார்னிஷ். திறந்த மொட்டை மாடியில்தான் கிடக்கிறது.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் வார்னிஷ் செதில் செதிலாக உரிகிறது. ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் நீலம் கலந்த கறுப்பு வட்டம். உட்காரும் இடத்தின் முன்சட்டத்தில் ஓர் ஓரம் நகம் பட்டாலே உள்ளே போகிறது. தேக்கு என்று சொல்லி வேறு மரத்தைத் தலையில் கட்டிவிட்டார்களா? மறுபடி வார்னிஷ் அடித்தால் போதுமா?

இழைப்புளி
போதாது. அடிக்கவும் அடிக்காதீர்கள். நீங்கள் சொல்வது மூன்று தனித்தனி வியாதி.

வார்னிஷ்: மழையில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே கெட்டியாக இருக்கும் வார்னிஷ் அதோடு சேர்ந்து அசைய முடியாமல் வெடிக்கிறது. வெடிப்பில் இறங்கிய தண்ணீர் காய வழியில்லாமல் அடியிலேயே நிற்கும். வீட்டுக்குள் இருக்கும் மேசைக்குச் சரி, மொட்டை மாடிக்கு ஆகாது.

கறுப்பு: ஆணி இரும்பு. மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை மாதிரி கறுப்பாகும். ஆணி உள்ளே இருக்கும்வரை எத்தனை தேய்த்தாலும் திரும்ப வரும்.

மெத்தென்ற ஓரம்தான் முக்கியம். அந்த இடம் மற்ற பாகத்தைவிட வெளிறி இருக்கிறதா, பாருங்கள்.

மாடித்தோட்டம்_கோவை
ஆமாம்! ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் வெள்ளையாகப் பட்டை. மற்ற இடமெல்லாம் நல்ல பழுப்பு.

இழைப்புளி
அப்படியானால் தேக்குதான், ஆனால் அந்தப் பட்டை வைரம் பாயாத வெளிப்பகுதி. பூஞ்சையையும் கரையானையும் தாங்குகிற சத்து உள்மரத்தில்தான் இருக்கிறது. வெளிறிய பகுதி சாதாரணக் கட்டை மாதிரி உளுத்துப்போகும். சீக்கிரமே வெட்டிவிடுகிற தோட்டத் தேக்கில் இந்தப் பகுதி அதிகம். கேரளாவின் நிலம்பூரில் 1840களில் நட்ட தேக்கு இன்னும் நிற்கிறது, அந்த மாதிரி மரத்துக்கு இருக்கும் பெயரை வைத்துத்தான் இளசையும் விற்கிறார்கள். அந்த ஒரு சட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். ஏமாற்று என்று சண்டைக்குப் போக வேண்டாம், ஆசாரி மரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்.

நாகை_கடலோரம்
எங்கள் வீட்டில் லின்சீட் ஆயில்தான் தடவுவோம். வார்னிஷைச் சுரண்டிவிட்டு அதைத் தடவுங்கள், மினுமினுவென்று இருக்கும்.

இழைப்புளி
திண்ணையில் நிழலில் கிடக்கும் சாமானுக்குச் சரி, நாகை அண்ணா. மழையில் நனைகிற இடத்தில் அந்த எண்ணெய் பூஞ்சைக்குச் சாப்பாடு, கறுப்புப் புள்ளி பூத்துவிடும். தடவினால் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும். கடையில் டீக் ஆயில் என்று விற்பதும் தேக்கிலிருந்து எடுத்ததல்ல. பெரும்பாலும் இதே மாதிரி எண்ணெயும் தின்னரும்தான்.

என் கட்சி, ஒன்றுமே தடவாமல் விடுவது. வெயிலில் தேக்கு சாம்பல் நிறமாகும், அது மேல்தோல் மட்டும்தான். இங்கிலாந்துத் தோட்டங்களில் தேக்கு பெஞ்சுகளைச் சாம்பல் நிறத்திலேயே விட்டுவைக்கிறார்கள்.

மாடித்தோட்டம்_கோவை
சாம்பல் எனக்குச் சம்மதம். கறுப்பு வட்டம் மட்டும் கண்ணை உறுத்துகிறது.

இழைப்புளி
முதலில் ஆணிகளைப் பிடுங்கி எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ போடுங்கள். அதில் 304 என்ற ரகம் போதும், நாகை மாதிரிக் கடலோரம் என்றால் 316. வார்னிஷை 80 நம்பர் உப்புத்தாளில் எடுத்து, 120இல் முடியுங்கள். முகக்கவசம் போடுங்கள், தேக்குத் தூள் சிலருக்கு அரிக்கும். பிறகு ஆக்சாலிக் ஆசிட், மொசைக் தரைக்கு பாலீஷ் போடுகிறவர்கள் பயன்படுத்தும் அதே வெள்ளைத் தூள். ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் போலக் கரைத்து பிரஷ்ஷால் தடவினால் கொஞ்ச நேரத்தில் கறுப்பு கரைந்து போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விஷம், கையுறை கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், பிளீச்சோடு சேர்க்கவே கூடாது. நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிரஷர் வாஷர் மட்டும் வேண்டாம், மெத்தான ரேகையைப் பிய்த்தெடுத்து மரத்தை வரிவரியாக்கிவிடும்.

மாடித்தோட்டம்_கோவை
ஆணி எல்லாம் எடுத்தாயிற்று. இரண்டு துருவில் தலை ஒடிந்து உள்ளேயே நின்றன, ஆசாரி துளைபோட்டு எடுத்தார். சட்டமும் மாற்றித் தருகிறார், கூலி மட்டும் கேட்டார். வட்டம் நன்றாகவே மங்கிவிட்டது. கடைசிச் சந்தேகம்: மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடலாமா?

இழைப்புளி
வேண்டாம், உள்ளே வேர்த்து நாறும். நனைந்தால் நனையட்டும், காற்றில் காய்ந்துவிடும். கால்கள்தான் கவனம், அடிவெட்டு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் தேங்காத பக்கமாக நகர்த்தி, காலுக்கு அடியில் ரப்பர் குமிழ் வையுங்கள்.

நாகை_கடலோரம்
304, 316 எல்லாம் கடையில் பெயர் சொல்லிக் கேட்டால் கொடுப்பார்களா, இல்லை காந்தம் வைத்துப் பார்க்கணுமா?

இழைப்புளி
காந்தத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது அண்ணா. போல்ட் தலையில் ஏ2 என்று இருந்தால் 304, ஏ4 என்றால் 316. ஸ்க்ரூ என்றால் பெட்டி லேபிளைப் பாருங்கள்.