டக்கென்று உடைந்தால்தான் நல்ல டார்க் சாக்லேட்டா?

மலர்விழி:
"உடைக்கும்போது டக்கென்று சத்தம் வந்தால் நல்ல டார்க் சாக்லேட், வராவிட்டால் குப்பை" என்று கசப்பரசன் நேற்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வரிசையாக 'அருமை', 'பயனுள்ள தகவல்'. படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அந்தச் சத்தம் டெம்பரிங், அதாவது உருக்கிய சாக்லேட்டைப் பதமான சூட்டில் ஆறவைத்து இறுகவிடுவது, ஒழுங்காக நடந்ததைச் சொல்லும், அவ்வளவுதான். கோகோ கொட்டையில் இருக்கும் கொழுப்பான கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும், அதில் ஐந்தாவது வகைதான் பளபளப்பையும் சத்தத்தையும் தருகிறது. கொட்டையைச் சரியாகப் புளிக்க வைத்தார்களா, வறுக்கும்போது கருக்கிவிட்டார்களா என்பதெல்லாம் அதில் கேட்காது.

கசப்பரசன்:
பாடம் நடத்தியதற்கு நன்றி அம்மா. டெம்பரிங்கே ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன் கொட்டையை மட்டும் ஒழுங்காக வறுத்திருப்பானா? நான் 90 சதவீதக் கோகோவுக்குக் கீழே தொடுவதே இல்லை. டக் இல்லையென்றால் தரம் இல்லை.

மலர்விழி:
கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக பாம் கெர்னல் (எண்ணெய்ப்பனை விதை) கொழுப்பு போட்ட காம்பவுண்ட் சாக்லேட்டும் டக்கென்றுதான் உடையும், அதற்கு டெம்பரிங்கே தேவையில்லை. அப்போ அதுவும் உயர்தரமா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அப்புறம், நான் உங்களுக்கு அம்மா இல்லை.

சும்மா_ஒருவன்:
90 சதவீதம் என்பதில் என்ன பெருமை? அந்த எண்ணில் கோகோ வெண்ணெயும் சேர்த்தி. 70 என்று போட்ட இரண்டு சாக்லேட்டில் ஒன்றில் வெண்ணெய் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருக்கலாம், ருசியே மாறிவிடும். மீதி 30 பெரும்பாலும் சர்க்கரை. எண்ணைப் பார்த்துத் தரம் சொல்கிறவர்கள் தயவுசெய்து ருசியைப் பற்றிப் பேச வேண்டாம்.

கசப்பரசன்:
வந்துவிட்டார் சும்மா. காபி விவாதத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது மறந்துவிட்டதா தம்பி? 90 சாப்பிட முடியாதவர்கள்தான் எண் முக்கியமில்லை என்பார்கள். காம்பவுண்டைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்? நான் சொன்னது டார்க் சாக்லேட். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து உடைத்துப் பாருங்கள், நல்ல சரக்கு டக்கென்று சொல்லும்.

மலர்விழி:
ஃபிரிட்ஜிலிருந்தா! குளிரில் எந்தச் சாக்லேட்டும்தான் டக்கென்று உடையும், அதே குளிரில் மணம் வெளியே வராது. இருக்கிற இரண்டு சோதனையையும் கெடுத்துவிட்டு மூன்றாவதாகத் தீர்ப்பு வேறு. 18, 20 டிகிரியில் வையுங்கள். ஒரு துண்டை நாக்கில் போட்டு, கடிக்காமல் விடுங்கள். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும், நம் வாயின் சூடே போதும். முதலில் லேசாகப் பழப் புளிப்பு வரும், அப்புறம் வறுத்த மணம், கசப்பு மெதுவாக எழுந்து மெதுவாக அடங்க வேண்டும். கன்னத்தின் உட்புறம் பிடித்து இழுக்கிற மாதிரி கடைசியில் துவர்த்தால் கொட்டை சரியாகப் புளிக்கவில்லை. மண்ணாகக் கரகரத்தால் அரைப்பு போதவில்லை. புகை வாடை வந்தால் விறகுப் புகையில் காய்ந்த கொட்டை. இதில் எதை உங்கள் 'டக்' சொல்லும்?

புதியவள்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் சாக்லேட்டில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, பூஞ்சையா?

கசப்பரசன்:
தூக்கி எறியுங்கள். டக்கும் வராது.

மலர்விழி:
எறியாதீர்கள்! விரலால் தேய்த்தால் உருகி மறைகிறதா, அது மேலே வந்த கொழுப்பு. சொரசொரவென்று இருந்தால் ஈரம் பட்டுச் சர்க்கரை பூத்திருக்கிறது. இரண்டும் பூஞ்சை இல்லை, வாயில் வழவழப்பு குறையும், அவ்வளவுதான். எதையும் எறியச் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை தொட்டாவது பாருங்கள் கசப்பரசன்.

சும்மா_ஒருவன்:
காபி விவாதத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது யார் என்று அங்கே போய்ப் படித்தால் எல்லோருக்கும் தெரியும். கடைசிப் பதில் என்னுடையது.

கசப்பரசன்:
கடைசிப் பதில் உன்னுடையது என்றால் நான் உன்னை மதித்துப் பதில் போடவில்லை என்று அர்த்தம் தம்பி. பழப் புளிப்பு, விறகுப் புகை என்று அடுக்கினால் நிபுணர் ஆகிவிட முடியாது. டக் இல்லையென்றால் தரம் இல்லை.

மலர்விழி:
காம்பவுண்டும் டக்கென்று உடைகிறதே, அது தரமா இல்லையா? மூன்று பதில் போட்டுவிட்டீர்கள், இதற்கு மட்டும் வரவில்லை.

கசப்பரசன்:
நான் டார்க் சாக்லேட்டைப் பற்றிப் பேசுகிறேன். முதலில் நான் எழுதியதை ஒழுங்காகப் படியுங்கள்.