அம்மம்மா வீட்டுப் பர்மாத் தேக்குக் கதவும் இன்னும் சில கதைகளும்

கொழும்பு வெள்ளவத்தையில் அம்மம்மாவின் வீட்டைத் தொடர்மாடி கட்டக் கொடுத்தபோது கதவு, யன்னல் பற்றி எங்களுக்கு யோசனையே வரவில்லை. உடைக்க வந்தவர்கள் கூலி கேட்கவில்லை, மரமும் ஓடும் இரும்பும் அவர்களுக்கு, அதுதான் பேச்சு. மூன்றாம் நாள் போனால் வீட்டுக்குக் கூரை இல்லை, முன்வாசல் இரட்டைக் கதவு லொறியில் சாய்ந்து நிற்கிறது. அம்மா ரோட்டிலேயே அழத் தொடங்கிவிட்டார். சரி, எங்கள் கதவை நாங்களே காசு கொடுத்துத் திரும்ப வாங்கினோம். அழுதுகொண்டு நிற்கிறவருக்கு யார் விலை குறைத்துக் கொடுப்பார்கள்?

உயரம் 7 அடி, ஒவ்வொரு கதவும் 21 அங்குல அகலம். "பர்மாத் தேக்கு, இனிக் காசு கொடுத்தாலும் கிடைக்காது" என்று அம்மப்பா வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் தட்டிக் காட்டிய கதவு. மொரட்டுவையில் தெரிந்த ஒரு தச்சு பாஸிடம் சாப்பாட்டு மேசையாக்கக் கொண்டுபோனேன். அவர் பின்பக்க மூலையில் இரண்டு தரம் சீவுளியை ஓட்டினார். உள்ளே மஞ்சள் அரைத்துப் பூசினது மாதிரி நிறம். "கொஸ், நோனா" என்றார். பலா! அம்மாவுக்கு ஃபோனில் சொன்னேன், அந்த பாஸுக்கு மரம் தெரியாது என்று வைத்துவிட்டார்.

இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது பெயின்ட். வெள்ளை, அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே ஒரு நீலம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், இலங்கையில் அதற்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான், அதனால் காய்ந்தபடி மணல்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், தூசி பிள்ளைகளின் வாய்க்குப் போகும். பெயின்ட் ரிமூவர் பூசி, ஊறவிட்டு, ஈரத்தோடு வழித்தெடுத்தோம். இரண்டாவது ஆணி. ஓர் ஆணி உள்ளே இருந்தாலும் மெஷினின் அலகு போய்விடும், அதனால் பழைய மரத்தைக் கண்டாலே மரம் அரியும் இடத்தில் முகத்தைத் திருப்புவார்கள். உடைந்த ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி அங்குலம் அங்குலமாகத் தடவினேன். 63 ஆணி. ஒவ்வொன்றையும் சுற்றி மரம் கறுத்துப்போய் இருந்தது, அந்தக் கறை எவ்வளவு சீவினாலும் போகவில்லை, பிறகு அதுவே அழகு என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது என் முட்டாள்தனம். அது பனல் வைத்த கதவு. பனல்கள் அரை அங்குலம் உள்ளே இறங்கி இருக்கும், அதில் சோறு கொட்டினால் குச்சி வைத்துத்தான் கிண்ட வேண்டும். மேலே கண்ணாடி போடு என்றார்கள். 8 மில்லிமீற்றர் கண்ணாடி, அந்த அளவுக்குக் கிட்டத்தட்ட 45 கிலோ. லிஃப்டுக்குள் போகவில்லை. நாலு மாடி, நாலு பேர், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சாமி பெயர். கணக்குப் பார்த்தால் புது மேசையே வாங்கியிருக்கலாம்.

ஆனால் ஒன்று, மஞ்சளாக இருந்த மரம் வெளிச்சம் பட்டுப் பட்டு ஆறேழு மாதத்தில் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. "பார்த்தாயா, தேக்கு" என்கிறார் அம்மா.

*

கதவுக் கதை எழுதிய அக்கா, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலும் பர்மாத் தேக்குதான், கேட்டால் அந்தத் தெரு முழுக்க பர்மாத் தேக்குதான். 😄 நான் எடுத்தது பூப்போட்ட சீமெந்துத் தரைக்கல். பழைய அறையில் சுண்ணாம்புக் கலவையில் பதித்திருந்தார்கள், உளியால் லேசாகத் தட்ட முழுசாகக் கழன்றது. பின்னால் சேர்த்துக் கட்டிய குசினியில் அதே கல்லைச் சீமெந்தில் பதித்திருக்கிறார்கள், பத்து எடுத்தால் எட்டு உடைந்தது. கழுவுகிறேன் என்று டொய்லட் அசிட்டை ஊற்றினேன், பூ பாதி கரைந்துவிட்டது, யாரும் செய்யாதீர்கள். தப்பியது பன்னிரண்டு. இரும்புச் சட்டம் அடித்துப் பல்கனிக்கு ஒரு டீப்போ (சின்ன மேசை) ஆக்கினேன், கடல்காற்றுக்குச் சட்டம் இப்போதே துருப்பிடிக்கிறது.

*

யன்னல் கழற்றுகிறவர்கள் கழற்றும் முன் இலக்கம் போடுங்கள். நான் நாலு யன்னலைப் பிரித்து ஒன்றாகக் கட்டி வைத்தேன், புத்தக அலுமாரிக்குக் கதவாக்கலாம் என்று. பார்வைக்கு நாலும் ஒரே அளவு. பூட்டப் போனால் ஒன்றுக்கும் ஒன்று பொருந்தவில்லை, அந்தக் காலத்து பாஸ்மார் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகச் சீவிப் பொருத்தியிருக்கிறார்கள். பிறகு பெந்தோட்டைப் பக்கம், கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் தோட்டமான லுணுகங்கவுக்குப் போனபோது வெட்கமாகப் போய்விட்டது. கொழும்பு அல்பிரட் பிளேஸில் பாவா 1960களில் பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்குக் கட்டிக்கொடுத்த வீடு இப்போது லுணுகங்கவில்தான் நிற்கிறது. 2009இல் காணி கைமாறியபோது கல், ஓடு, தூண், கதவு என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டுக் கழற்றிக் கொண்டுபோய், 2016இல் திரும்ப எழுப்பி முடித்தார்கள். ஒரு முழு வீட்டுக்கே அப்படி, என்னால் நாலு யன்னலுக்குச் சோக்கட்டியால் 1, 2, 3, 4 எழுத முடியவில்லை.

*

எல்லோரும் மரம், கல் என்று பேசுகிறீர்கள், நான் ஒரு கெட்ட செய்தி சொல்கிறேன். தெஹிவளையில் பின்பக்கக் கூரையின் அஸ்பெஸ்டஸ் தகடுகளை அறுத்துப் பூச்சாடி செய்யலாம் என்று தம்பி கிளம்பினான், கிரைண்டரும் கையுமாக. நல்லவேளை நான் வீட்டில் இருந்தேன். அறுத்தால் பறக்கிற நார் கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலில் போய் இருந்துவிடும், புற்றுநோய் வந்தால் பல வருடம் கழித்துத்தான் வரும். கழற்றத்தான் வேண்டும் என்றால் நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்குங்கள், துளை போடாதீர்கள், தும்புத்தடியால் பெருக்காதீர்கள். அதில் பூச்சாடியும் வேண்டாம், கோழிக்கூடும் வேண்டாம். தம்பி இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

*

முதலில் எழுதியவள்தான். தம்பியைத் தடுத்தது நல்லது அண்ணா, கோபம் போய்விடும். டீப்போ செய்த தங்கச்சி, சட்டத்தை இப்போதே சுரண்டித் துருத்தடுப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள், வெள்ளவத்தையில் நாங்கள் பட்டது போதும்.

ஒரு உதவி. கதவில் மேலும் கீழுமாக நாலு பித்தளைத் தாழ்ப்பாள் இருந்தது, மூன்றுதான் வந்து சேர்ந்தது. அம்மா சாப்பிட வந்து உட்காரும் பக்கத்தில்தான் வெற்று ஓட்டை, அதற்குள் விரலை விட்டுக்கொண்டே சாப்பிடுகிறார். பழைய சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தை வரைக்கும் தேடிவிட்டேன். 6 அங்குலம், உருண்டைக் குமிழ், பழையதாக இருந்தால் நல்லது, யாரிடமாவது ஒற்றையாகக் கிடந்தால் சொல்லுங்கள்.