தீபாவளிக்குப் பின் நின்றுவிட்ட நால்வர்: பழி கூட்டாளிகள் மீதா?

மலைமுகடு (ஆசிரியர், தலவாக்கலைப் பக்கம்)

சென்ற தீபாவளி விடுமுறைக்குப் பிறகு எங்கள் பாடசாலையின் பதினோராம் தரத்திலிருந்து நான்கு பையன்கள் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். கொழும்பில் கடை வேலை செய்யும் பழைய மாணவன் ஒருவன் புதுக் கைத்தொலைபேசியோடு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வந்து சில நாட்கள் தங்கியிருந்தான். அவன் திரும்பியபோது இவர்களும் கூடவே பஸ் ஏறிவிட்டார்கள். நால்வரில் இருவர் சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகத் தேறக்கூடியவர்கள் என்பதால்தான் மனம் ஆறவில்லை.

கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 306 பேரைக் கணினியில் வண்டியோட்டும் விளையாட்டொன்றை விளையாடச் செய்தனர். 13 முதல் 16 வயது வரையானோர் சம வயதினர் அருகில் இருந்தபோது, தனியாக விளையாடியவர்களைவிட மிக அதிகமாகத் துணிந்து ஆபத்தில் இறங்கினர். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆகவே பிள்ளை யாரோடு சுற்றுகிறான் என்று பெற்றோர் பார்க்கத்தான் வேண்டும். தடுமாறும் பையன்களைப் பிரித்தெடுத்துத் தனி வகுப்பு நடத்தவும் எண்ணியிருக்கிறேன்.

ஊவாக்காரி (பதுளை)

ஆசிரியர் ஐயா, கூட்டாளி கெடுத்தான் என்பது எங்கள் வீடுகளிலும் எளிதாக வாயில் வரும் பேச்சுத்தான். டெனிஸ் கண்டல் என்ற சமூகவியலாளர் நியூயோர்க் மாநில மாணவர்களின் நட்புகளை ஆராய்ந்து 1978இல் எழுதியதைப் பாருங்கள்: நண்பர்கள் ஒருவரைப் போல ஒருவர் இருப்பதற்குப் பழக்கத்தால் மாறுவது ஒரு காரணம் என்றால், தம்மைப் போன்றவர்களையே தேடிச் சேர்வதும் அதற்குச் சமமான காரணம். அந்த நால்வரும் போவதென்று மனத்துக்குள் முடிவுகட்டியிருக்கலாம். கொழும்புப் பையன் பஸ்ஸை மட்டுமே காட்டியிருப்பான். நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று 2021இல் அறிவிக்கப்பட்டபோதும், கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், என்ற கவலை அம்மாமாரை விட்டுப் போகவில்லை. அந்தக் கவலையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் படிப்பைவிடக் கைக்காசு பெரிதாகத் தெரிந்தால் அதற்கு நண்பன் எப்படிப் பொறுப்பாவான்?

மலைமுகடு

வறுமையை நான் மறுக்கவில்லை, தங்கச்சி. ஆனால் அதே சம்பளம், அதே லயம், அதே கடன் போன வருடமும் இருந்தன. அப்போது ஒருவனும் போகவில்லை. நால்வரும் ஒரே வாரத்தில் போனதற்கு உங்கள் விளக்கத்தில் விடை இல்லை.

பழைய மாணவன் (ஹட்டன்)

சேர், அக்கா, இருவரும் கெடுதலையே பேசுகிறீர்கள். பதின்மூன்று வயதில் நான் பாபுல் (புகையிலை கலந்த வெற்றிலைப் பாக்கு) போட்டேன். ஒருவரும் வாயில் திணிக்கவில்லை. வேண்டாம் என்றால் மறுநாள் கிரிக்கெட்டுக்குக் கூப்பிடமாட்டார்களோ என்று நானே பயந்தேன். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது எங்கள் கடைச்சந்திக்கு எட்டவேயில்லை. அதை விட்டதும் கூட்டாளிகளால்தான். கோயில் மண்டபத்து வெளிச்சத்தில் மூன்று பேர் மாலையில் கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். வெற்றிலை வாயோடு அங்கே உட்கார வெட்கமாக இருந்தது. அந்த மூவரில் ஒருவர் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போய் இப்போது ஆசிரியராக இருக்கிறார். வீட்டில் அம்மா இரண்டு வருடமாகச் சொல்லியும் கேட்காததை அந்த வெட்கம் இரண்டு மாதத்தில் செய்தது.

ஊவாக்காரி

தம்பி சொல்வதை ஏற்கிறேன். ஒரே வாரத்தில் போனதற்கு நண்பர்கள்தான் காரணம் என்பதையும் சேர்த்தே ஏற்கிறேன். ஆனால் ஐயா, அந்தத் தனி வகுப்பு வேண்டாம். உளவியலாளர் டிஷியனும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 1999இல் எச்சரித்தது இதைத்தான்: தடம் மாறும் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டித் திருத்த முயன்ற சில திட்டங்களில், அவர்கள் ஒருவர் குறும்புக்கு ஒருவர் சிரித்தே அதை வளர்த்துக்கொண்டார்கள். ‘நின்றுபோகிறவன் வகுப்பு’ என்று பெயர் விழுந்துவிட்டால் அந்தப் பெயரையே அவர்கள் காப்பாற்றுவார்கள்.

மலைமுகடு

தனி வகுப்பைக் கைவிடுகிறேன். இதை நான் யோசித்திருக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. கண்காணிப்பு வேண்டும் என்பதை மட்டும் விடமாட்டேன்: நண்பர்களின் இழுப்புக்கு எதிர்நிற்கும் வலிமை 14 முதல் 18 வயதுக்குள்தான் படிப்படியாக வளர்கிறது என்று ஸ்டைன்பெர்க்கும் மோனஹனும் 2007இல் காட்டியிருக்கிறார்கள். அந்த வலிமை வரும்வரை பெரியவர்கள் பக்கத்தில் நின்றுதான் ஆகவேண்டும். நால்வரில் ஒருவன் திரும்பி வந்திருக்கிறான். வகுப்பில் ஒருவரோடும் பேசுவதில்லை. தம்பி, எங்கள் தோட்டத்துக் கோயிலிலும் ஒரு மண்டபம் இருக்கிறது. உரை நிகழ்த்த அல்ல, கூட உட்கார ஒருநாள் வரமுடியுமா?

பழைய மாணவன்

ஞாயிறு பின்னேரம் வருகிறேன், சேர். அவனுக்காகத்தான் வருகிறேன் என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். படிக்கிற பையன்கள் இரண்டு பேரையும் கணக்குப் புத்தகத்தோடு வரச்சொல்லுங்கள். பெற்றோரை அன்று கூப்பிட வேண்டாம்.